தபால் பெட்டியில் யார் பெயர்?

(ஜெர்மனியில் புதிதாகக் குடியேறியிருக்கும் இளம் தம்பதியரும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்கள் அடுத்தடுத்து வந்தமையால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் தஞ்சாவூர் அருகில். எம்.காம். முடித்துத் திருச்சியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். திருமணமாகிக் கடந்த அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்தேன். கணவர் மென்பொருள் பொறியாளர். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ‘நீல அட்டை’ அனுமதியில் இருக்கிறார். அன்பானவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலை ஏழரைக்கு அவர் கிளம்பிப் போனால் மாலை ஆறரை வரை நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டியபோது காரணமில்லாமல் அழுதிருக்கிறேன். ஜெர்மன் வகுப்பில் சேரட்டுமா என்றால், “அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், இரண்டு மூன்று வருடத்தில் எந்த நாட்டில் இருப்போமோ, அதற்குள் எதற்கு இந்தச் செலவு?” என்கிறார். என் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனோம். அவர்கள் கேட்ட வரி அடையாள எண் எனக்கு இன்னும் தபாலில் வந்து சேரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் உள்ள தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு, கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தப் பெட்டியில் ஒட்டிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நம் ஊரில் “இரண்டாவது மாடி, நான்காம் எண் வீடு” என்று எழுதினால் கடிதம் வந்துவிடும். ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டடங்களில் வீட்டுக்கென்று எண்ணே கிடையாது. பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்வது இங்கே பரவலான வழக்கமாதலால், ஒரு பெயர்ப் பட்டையே ஒரு வீட்டுக்குப் போதுமானதாக இருக்கிறது. நம்மவர்களின் கடவுச்சீட்டிலோ, பெரும்பாலும் மனைவிக்கு அவருடைய தந்தையின் பெயரும் கணவனுக்கு அவருடைய தந்தையின் பெயரும் குடும்பப் பெயராக நிற்கும். கணவருடைய பெயர் மட்டும் ஒட்டியிருக்கும் பெட்டிக்கு உங்கள் பெயரில் வரும் கடிதம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று வந்த வழியே திரும்பிவிடும். 2006-இல் நான் இங்கு வந்தபோது என் மருத்துவக் காப்பீட்டு அட்டை இரண்டு முறை இப்படித் திரும்பிப் போனது. தபால் துறையைத் திட்டிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெட்டியைக் காட்டியவர், கீழ்வீட்டில் தனியாக இருந்த ஒரு பாட்டி. நான்கு மாதம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். வீட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கு வாசலில் எந்த அடையாளமும் இல்லை.

பெயரை ஒட்டிய பிறகு, கட்டட நிர்வாகத்துக்கு எழுதி முறையான பெயர்ப் பட்டை கேளுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய முகவரிப் பதிவு, அதாவது ‘அன்மெல்டுங்’, உங்கள் பெயரிலும் நடந்திருக்கிறதா என்று பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். நடந்திருந்தால், உங்கள் 11 இலக்க வரி அடையாள எண் ஏற்கெனவே உருவாகியிருக்கும், கடிதம்தான் திரும்பியிருக்கும். மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் மறுபடியும் தபாலில் அனுப்புவார்கள். வேலை இல்லாதவருக்குக் கணக்கு எதற்கு என்று எந்த வங்கியாவது இழுத்தடித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்குத் தொடங்க உரிமை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ‘பாஸிஸ்கோன்டோ’ என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மொழி வகுப்பு விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. அதை அவருக்குப் புரிகிற கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். நீல அட்டை வைத்திருப்பவர் ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் மட்டும் தெரிந்தவராக இருந்தால், நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற 27 மாதம் காத்திருக்க வேண்டும். பி1 என்னும் இடைநிலை வரை தெரிந்தவர் 21 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆகவே அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பவருக்கும் அந்த மொழி ஆறு மாதத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அவரும் உங்களோடு படிக்கலாம். நீல அட்டையாளரின் மனைவி என்பதால் வருவதற்கு முன் மொழித் தேர்வு எழுதும் கட்டாயம் உங்களுக்கு இருக்கவில்லை. அந்தச் சலுகையே இப்போது உங்களுக்குப் பாதகமாக முடிந்திருக்கிறது. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு ஆதரவில் ஒரு வகுப்பு நடக்கிறது: 600 பாடவேளை மொழிக்கு, 100 பாடவேளை இந்நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு. குடும்ப இணைப்பில் வந்தவர் என்ற முறையில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கான அனுமதிச் சீட்டு உங்களுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் இருக்கும் ‘ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே’ என்னும் மக்கள் கல்வி நிலையத்தில் தனியார் பள்ளிகளைவிடக் குறைந்த கட்டணத்தில் மாலை வகுப்புகள் உண்டு. அவர்களுடைய இணையப் பாடங்களுக்குக் கட்டணமே இல்லை.

வேலைக்கும் நீங்கள் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் குடியிருப்பு அனுமதி எந்த வேலையையும் செய்ய இடம் கொடுக்கிறது. மருத்துவர், செவிலியர் போன்றவர்கள் தம் பட்டத்துக்கு முதலில் அங்கீகாரம் பெற்றாக வேண்டும். கணக்கியல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்நாட்டின் வரிச் சட்டம் ஜெர்மன் மொழியில் இருப்பதால், உங்கள் தொழிலில் மொழியில்லாமல் கணக்கு எழுத முடியாது. அதனால்தான் வகுப்பை முதலில் வைத்தேன்.

உங்கள் கணவருக்கு விமானத்திலிருந்து இறங்கியதுமே ஒரு நாள் தயாராக இருந்தது: போக ஓர் இடம், மதியம் கூடச் சாப்பிட நாலு பேர், பெயர் எழுதிய ஓர் அடையாள அட்டை. உங்களுக்கு ஒரு வீட்டுச் சாவி மட்டும் கிடைத்தது. “எல்லா வசதியும் இருக்கிறதே” என்று அவர் சொல்வதில் பொய்யில்லை, ஆனால் அவர் சொல்வது வீட்டைப் பற்றி. வகுப்பு தொடங்கும்வரை, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வெளியே நடங்கள். அழுகை வாரக்கணக்கில் நீடித்தால் குடும்ப மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குளிர்கால இருட்டு மனத்தைத் தாழ்த்தும் என்பது இங்குள்ள மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்.

கேள்வி: முன்ஷென் (மியூனிக்) நகரில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு இரண்டு மாதத்துக்கு முன் வேலை கிடைத்தது. திருமணமானவர்களுக்கு மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று வரி வகுப்பை மாற்றிக்கொண்டால் லாபம் என்று நண்பர்கள் சொன்னதால் அப்படியே செய்தோம். இப்போது என் கைக்கு வரும் சம்பளம் கூடிவிட்டது. அவளுடைய சம்பளத்தில் பாதிதான் கைக்கு வருவதுபோல் தெரிகிறது. ஊரில் என் அப்பா, “இந்தக் காசுக்கு ஏன் அந்தப் பெண் பனியில் போய் வர வேண்டும்?” என்று கேட்கிறார். அவளும் வேலையை விட்டுவிடலாமா என்கிறாள்.

பதில்: உங்கள் தந்தை பார்க்கும் தொகை உங்கள் மனைவியின் உண்மையான சம்பளம் அன்று என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். திருமணமானதும் இருவருமே தாமாக நான்காம் வகுப்பில்தான் வைக்கப்பட்டிருப்பீர்கள். மூன்று–ஐந்து என்று மாற்றும்போது இருவருக்கும் உரிய விலக்குகளின் பெரும்பகுதி உங்கள் பக்கம் வந்துவிடுவதால், அவர் சம்பளத்தில் பிடித்தம் கூடுகிறது. நீங்கள் கூட்டாகத் தாக்கல் செய்யும் ஆண்டு வரிக் கணக்கில், எந்த வகுப்பில் இருந்தாலும் கட்ட வேண்டிய மொத்த வரி ஒன்றேதான். மாதா மாதம் யார் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்பதை மட்டுமே வகுப்பு முடிவு செய்கிறது. மூன்று–ஐந்தில் இருப்பவர்கள் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதையும், அதற்குப் பொதுவான கடைசித் தேதி அடுத்த ஆண்டு ஜூலை 31 என்பதையும் உங்கள் நண்பர்கள் சொன்னார்களா?

அவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்றுதான் பெரியது. வேலை இழந்தால் கிடைக்கும் உதவித் தொகையும், குழந்தை பிறந்த பின் கிடைக்கும் பெற்றோர் உதவித் தொகையும் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. பெற்றோர் உதவித் தொகை பொதுவாக அந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில், மாதம் 300 யூரோவுக்குக் குறையாமலும் 1,800 யூரோவுக்கு மிகாமலும் கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் மனைவி பிரசவ விடுப்பில் போனால், குறைத்துக் காட்டப்பட்ட சம்பளத்துக்குத்தான் உதவி கிடைக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு பதறிப்போய் வகுப்பை மாற்றினால் பல நேரங்களில் காலம் கடந்திருக்கும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இப்போதே நான்கு–நான்குக்குத் திரும்பிவிடுங்கள். மாதம் உங்கள் கைக்கு வருவது சற்றுக் குறையும். அவர் கைக்கு அவருடைய பணம் வரும்.

கடிதத்தின் கடைசியில் கோயம்புத்தூர் சேமிப்புக் கணக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் வேலைக்காகக் குடியேறிய பிறகு அதைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றித் தரச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். அங்கே வரும் வட்டியை இங்குள்ள வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

கேள்வி: திருமணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து என் கடவுச்சீட்டும் குடியிருப்பு அட்டையும் கணவரிடம் இருக்கின்றன. தனியாகக் கடைக்குப் போனாலும் கோபிக்கிறார். இரண்டு முறை கை நீட்டிவிட்டார். “என் விசாவில்தான் நீ இருக்கிறாய், ஒரு கடிதம் எழுதினால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்” என்கிறார். உண்மையா? ஊரில் சொன்னால், கொஞ்சம் பொறுத்துப் போ என்கிறார்கள்.

பதில்: உங்களை நாட்டைவிட்டு அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. உங்கள் அனுமதி அவரை ஒட்டி வழங்கப்பட்டது என்பது உண்மை. திருமண வாழ்வு இந்நாட்டில் மூன்று ஆண்டு நீடித்த பிறகே மனைவிக்குத் தனி உரிமை பிறக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கடும் துன்பம் என்று சட்டம் கருதும் நிலைமைகளில், குறிப்பாகக் குடும்ப வன்முறையில், அந்த மூன்று ஆண்டு நிபந்தனையைத் தள்ளுபடி செய்ய அதே சட்டத்தில் இடமுண்டு. அது தானாகக் கிடைத்துவிடாது, காட்டச் சான்றுகள் வேண்டும். ஆகவே அடிபட்டால் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள்; வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன் ஆலோசனை மையத்தோடு பேசிவிடுங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான நாடு தழுவிய உதவி எண் 116 016. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் உதவியும் கேட்கலாம். ஆபத்து நேரும் அந்தக் கணத்தில் 110 என்ற காவல்துறை எண்ணை அழையுங்கள்.

கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை. அதை உங்களிடமிருந்து பறித்து வைத்துக்கொள்ளக் கணவருக்கு உரிமை கிடையாது. திரும்பப் பெற முடியாவிட்டால் பெர்லினில் உள்ள தூதரகத்தையோ, முன்ஷென், ஃபிராங்க்ஃபர்ட், ஹம்பர்க் நகரங்களில் உள்ள துணைத் தூதரகங்களில் ஒன்றையோ அணுகலாம். கையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இரண்டு ஆவணங்களையும் படமெடுத்து, நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். பொறுத்துப் போகச் சொல்பவர்களுக்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: டுசெல்டோர்ஃப் நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை மிக்ஸியில் சட்னி அரைத்ததற்கு அடுத்த வீட்டுக்காரர் கதவில் குறிப்பு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சமையல் வாசனை படிக்கட்டு வரை வருகிறது என்றும் புகார். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. வீட்டுக்காரர் நாங்கள்தான் காரணம் என்கிறார். ஒரே மாதத்தில் மூன்று சண்டை. நிறப் பாகுபாடா?

பதில்: அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் நீங்கள் எழுதிய மூன்றுமே ஜெர்மானியர்கள் தமக்குள்ளேயே ஓயாமல் போட்டுக்கொள்ளும் சண்டைகள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி நேரம். சுவரில் ஆணி அடிப்பதும், காலிப் புட்டிகளைத் தெருக் கொள்கலனில் போடுவதும்கூட ஞாயிற்றுக்கிழமை ஆகாது. மின் அழுத்தம் இங்கும் 230 வோல்ட்தான் என்பதால் ஊர் மிக்ஸி நன்றாகவே ஓடும். அதன் சத்தமும் குறையாமல் வரும். சட்னியைச் சனிக்கிழமை மாலையே அரைத்துக்கொள்ளுங்கள், அல்லது மிக்ஸிக்கு அடியில் தடித்த துணியை மடித்து வைத்து ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அரை நிமிடம் ஓட்டுங்கள். தாளிக்கும்போது வாசல் கதவைத் திறந்து புகையைப் படிக்கட்டுப் பக்கம் விடாமல், சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

பூஞ்சை விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதியாவது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர் வீடுகளில் காற்று தானாக வந்து போகும். இங்கே குளிர் புகாதபடி இறுக்கி மூடும் ஜன்னல்கள். சாதம் வடிக்கும் ஆவி, குளியல் ஆவி, உள்ளே உலர்த்தும் துணியின் ஈரம் எல்லாம் போக்கிடமின்றிக் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகின்றன. குளிருக்குப் பயந்து ஜன்னலை நாள் முழுவதும் சிறிதாகச் சாய்த்து வைப்பது சுவரை இன்னும் குளிர வைக்கும். வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை காற்றோட்டம் விடுங்கள். இதற்கு அவர்களுடைய மொழியில் ‘லுஃப்டன்’ என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்திலும் அது இடம்பெறுவதுண்டு. பூஞ்சையின் படங்களைத் தேதியோடு எடுத்து வைத்து, வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கட்டடத்தின் குறையும் காரணமாக இருக்கலாம். மூன்று மாத அடிப்படை வாடகை வரை நீங்கள் கட்டியிருக்கக்கூடிய முன்பணத்தைத் திரும்ப வாங்கும் நாளில் அந்தக் கடிதம்தான் பேசும்.

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறோம். மகனும் மருமகளும் ஃபிராங்க்ஃபர்ட்டில். மருமகளுக்கு இது ஆறாம் மாதம். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் கூட இருக்கிறோம் என்றால், மூன்று மாதம்தான் முடியும் என்கிறான் மகன். காலையில் பூஜை முடிந்ததும் போன் செய்தால் எடுப்பதே இல்லை. எங்களைத் தவிர்க்கிறார்களோ என்று அவன் அப்பா வருந்துகிறார்.

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது விசா விதி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்தான் தங்க முடியும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். நீங்களும் சம்பந்தியம்மாவும் ஒரே நேரத்தில் புறப்படாமல், தலைப்பிரசவம் என்பதால் முதல் மூன்று மாதத்தை மருமகளின் தாயாருக்கு விட்டுக்கொடுத்து, அவர் திரும்பும் வாரத்தில் நீங்கள் போனால், அந்த வீட்டுக்கு ஆறு மாதமும் துணை இருக்கும். விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும்.

இங்கே பிரசவத்துக்குப் பிறகு ‘ஹெபாம்மெ’ எனப்படும் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். குழந்தை பிறந்து 12 வாரம் வரை அதற்கான செலவை அரசு சார்ந்த காப்பீடு ஏற்கிறது. மருத்துவச்சிகள் கிடைப்பது அரிதாக இருப்பதால், இன்னும் ஏற்பாடு செய்யவில்லையென்றால் இன்றைக்கே தேடச் சொல்லுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதிலும் சாம்பிராணிப் புகை போடுவதிலும் அவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வரும். புகையில் அவர் பேச்சைக் கேளுங்கள். இங்குள்ள வீடுகளில் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி வேறு இருக்கிறது. பத்தியச் சமையலை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

போன் எடுக்காததற்குக் காரணம் கடிகாரம். குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் அவர்கள் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நீங்கள் பூஜை முடித்து ஏழு மணிக்குக் கூப்பிடும்போது இங்கே பின்னிரவு. உங்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து 1985-இல் அகதியாக வந்தவன் நான், இப்போது ஹம் நகருக்கு அருகில் வசிக்கிறேன். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். கடையில் கண்டால் சிரிப்பார்கள், அதற்கு மேல் ஒட்டுவதில்லை. தனிமை என்று எழுதுகிறார்களே, நாங்கள் இங்கே நாற்பது வருடமாக இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

பதில்: பலருக்கு உண்மையிலேயே தெரியாது, ஐயா. 2000-இல் தொடங்கிய கணினிப் பணியாளர் அனுமதியிலும், 2012-க்குப் பின் நீல அட்டையிலும் வந்தவர்களுக்குக் கையில் வேலை ஒப்பந்தம் இருந்தது. நீங்கள் வந்த காலத்தில் புகலிடம் கேட்டவர்களுக்கு வேலை செய்யத் தடை இருந்தது. ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலிருந்து நீங்கள் உண்டாக்கிய கடைகளில்தான் இன்று கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் முருங்கைக்காய் வாங்குகிறார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் அப்படி உங்களவர்கள் தொடங்கியவையே.

ஹம்–உயன்ட்ரோப்பில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலை, ஒருங்கிணைப்பு வகுப்பில் சேரப்போகும் எங்கள் ஸ்டுட்கார்ட் வாசகி இன்னும் பார்த்திருக்க மாட்டார். கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு அவரையும் அவருடைய கணவரையும் இந்தப் பக்கத்தின் வழியாகவே அழைக்கிறேன். அம்மன் தீர்த்தமாடுவது அங்குள்ள கப்பல் கால்வாயில் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்கள் நம்புவார்கள். நீங்கள் அன்றைக்கு அங்கே இருப்பீர்களானால், சிரிப்போடு நிற்காமல், எந்த ஊர் என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள், ஐயா. அந்தப் பெண் ஐந்து மாதமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்.